கேரவனில் குளிரை விரட்டுவது: ஹீட்டர் வகைகளும் காற்றோட்டமும்

மோட்டார் ஹோம், கேம்பர் வேன், காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் கேரவன் என்று பெயர்கள் பல இருந்தாலும், படுத்துத் தூங்கும்போது அது ஒரு சின்ன அறைதான். நடுத்தர வேன் ஒன்றுக்குள் சுமார் 10 கன மீட்டர் காற்று இருக்கும். சாதாரணப் படுக்கையறையில் இதைப்போல மூன்று மடங்கு இருக்கும். அவ்வளவு குறைந்த காற்றில் இரண்டு பேர் படுத்து, குளிருக்காக ஜன்னல்களை இறுக மூடி, உள்ளேயே ஒரு நெருப்பையும் மூட்டினால் என்ன ஆகும்? கேரவன் ஹீட்டரைப் பற்றிப் பேசும்போது முதலில் இதைத்தான் யோசிக்க வேண்டும்.

புதிதாக வண்டி வாங்குபவர்களும் வாடகைக்கு எடுப்பவர்களும் பெரும்பாலும் கேட்பது, "எந்த ஹீட்டர் நன்றாகச் சூடாக்கும்?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு இருக்கின்றன. இந்த ஹீட்டரின் நெருப்பு எரிவதற்கான காற்றை எங்கிருந்து எடுக்கிறது? எரிந்த புகையை எங்கே விடுகிறது? இரண்டுக்கும் பதில் "வண்டிக்கு வெளியே" என்றால் அதை வைத்துக்கொண்டு தூங்கலாம். பராமரிப்பு மட்டும் சரியாக இருக்க வேண்டும். ஒன்றுக்காவது "உள்ளே" என்று பதில் வந்தால், அதைப் பற்றவைத்துவிட்டுக் கண்ணை மூடக் கூடாது. சந்தையில் எத்தனை மாடல் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். கிலோவாட், விலை, ரிமோட் எல்லாம் அதற்குப் பிறகு.

எரியும்போது உள்ளே என்ன நடக்கிறது

கேரவன்களில் அதிகம் புழங்கும் எரிபொருள் புரோபேன், அல்லது புரோபேனும் பியூட்டேனும் கலந்த எல்பிஜி. ஒரு கிலோ புரோபேன் முழுமையாக எரிய சுமார் 3.6 கிலோ ஆக்சிஜன் தேவை. ஏறத்தாழ 13 கன மீட்டர் காற்றில் இருக்கும் மொத்த ஆக்சிஜன் அது. அதாவது நம் வேனுக்குள் இருக்கும் முழுக்காற்றையும் விட அதிகம். எரிந்து முடிந்தால் கிடைப்பது 3 கிலோ கார்பன் டை ஆக்சைடும், 1.6 கிலோ தண்ணீரும். ஆமாம், தண்ணீர்தான். கண்ணுக்குத் தெரியாத நீராவியாக அது காற்றில் கலந்துவிடும்.

இது எல்லாம் ஒழுங்காக எரிந்தால் வரும் கணக்கு. ஆக்சிஜன் குறைந்தாலோ, பர்னரில் தூசி அடைத்திருந்தாலோ, சுடர் ஏதாவது குளிர்ந்த பரப்பில் மோதினாலோ, கார்பன் பாதி எரிந்த நிலையிலேயே நின்று கார்பன் மோனாக்சைடாக வெளிவரும். அதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கண்ணோ தொண்டையோ எரியாது. மூச்சு வழியாக ரத்தத்துக்குள் போனதும் அது ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்கிறது. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமான பிடி. அதனால்தான் காற்றில் மிகச் சிறிய அளவே இருந்தாலும், நேரம் ஆக ஆக ரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகும்.

முதலில் தலைவலி வரும். அப்புறம் கிறுகிறுப்பு, குமட்டல், உடம்பு அசதி. பயண அலுப்பு என்றோ, சளி பிடிக்கப் போகிறது என்றோ நினைத்துப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வது மனித இயல்பு. காய்ச்சல் இல்லாமல், வண்டியில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலிக்கிறது, வெளியே போய் நின்றால் தெளிகிறது என்றால் அது சளி அல்ல. விழித்திருப்பவருக்கு இந்தக் குறிகளாவது கிடைக்கும். தூங்குபவருக்கு அதுவும் கிடைக்காது. தூக்கத்திலிருந்து நேராக மயக்கத்துக்குப் போய்விடுவார். இந்த ஒரு காரணத்துக்காகவே தூங்கும் நேரத்து ஹீட்டரையும் விழித்திருக்கும் நேரத்து ஹீட்டரையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.

வெளியே மூச்சு விடும் ஹீட்டர்கள்

பெரிய மோட்டார் ஹோம்களில் கம்பெனியிலேயே பொருத்தி வருவது கேஸ் ஃபர்னஸ். இதில் நெருப்பு எரிவது மூடிய உலோக அறைக்குள். அந்த அறைக்கான காற்று வண்டியின் பக்கச் சுவரில் உள்ள துளை வழியாக வெளியிலிருந்து வருகிறது. புகையும் அதே பக்கமாக வெளியே போகிறது. உள்ளே இருக்கும் காற்று அந்த உலோக அறையின் வெளிப்புறத்தைத் தொட்டுச் சூடாகி, குழாய்கள் வழியாகத் திரும்ப வரும். நெருப்பின் காற்றும் நம் காற்றும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. நடுவில் நிற்பது ஒரு உலோகச் சுவர் மட்டும்தான். அந்தச் சுவரில் விரிசல் விழுந்தால் பாதுகாப்பும் போய்விடும் என்பதால்தான், ஆண்டுக்கு ஒருமுறை தெரிந்தவரிடம் காட்டிப் பார்க்கச் சொல்கிறார்கள்.

ஃபர்னஸ் இயங்கத் தொடங்கும் விதத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை கவனியுங்கள். தெர்மோஸ்டாட்டை உயர்த்தியதும் முதலில் வருவது விசிறிச் சத்தம் மட்டும். சில விநாடிகள் வரை குளிர்ந்த காற்றுதான் வீசும். பழுது என்று நினைத்து அணைத்துவிடாதீர்கள். எரியறைக்குள் தங்கியிருக்கக்கூடிய கேஸை வெளியே தள்ளுவதற்கான நேரம் அது. விசிறியின் காற்று பட்டு மெல்லிய தகடு ஒன்று சாய்ந்து ஒரு சுவிட்சை அழுத்தும். காற்று உண்மையிலேயே ஓடுகிறது என்று அந்தத் தகடு சாட்சி சொன்ன பிறகுதான் கேஸ் வால்வு திறக்கும். 'டிக் டிக்' என்று பொறி, அப்புறம் 'குப்' என்று நெருப்புப் பிடிக்கும் சத்தம், அதன்பின் சூடான காற்று. பேட்டரி பலவீனமாகி விசிறி மெதுவாகச் சுற்றினாலோ, நாய் முடியும் தூசியும் தகட்டில் சிக்கியிருந்தாலோ, தகடு சாயாது, கேஸும் திறக்காது. "விசிறி ஓடுகிறது, சூடு வரவில்லை" என்ற புகாருக்குப் பாதி நேரம் காரணம் இந்தச் சின்னத் தகடுதான். அது நம்மைக் காப்பாற்றும் உறுப்பு. அதைக் கம்பி சுற்றி இறுக்கி, எப்போதும் அழுத்தியே இருக்கும்படி செய்து வண்டியை ஓட்டுவது பெரிய ஆபத்து.

ஃபர்னஸுக்குக் குறைகளும் உண்டு. விசிறி 12 வோல்ட் பேட்டரியிலிருந்து மணிக்கணக்காக மின்சாரம் உறிஞ்சும். பெரிய ஃபர்னஸ் ஓடும்போது 7 முதல் 10 ஆம்பியர் வரை எடுக்கும். மின் இணைப்பு இல்லாத இடத்தில் நிறுத்தினால், கேஸ் தீருவதற்கு முன்னால் பேட்டரி தீர்ந்துவிடுவது வழக்கம். கேஸும் குறைவாகச் செலவாகாது. மணிக்கு 30,000 பிடியு, அதாவது கிட்டத்தட்ட 9 கிலோவாட் அளவுள்ள ஃபர்னஸை இடைவிடாமல் ஓட்டினால் 9 கிலோ சிலிண்டர் சுமார் 14 மணி நேரத்தில் காலியாகும். தெர்மோஸ்டாட் விட்டுவிட்டு இயக்குவதால்தான் நடைமுறையில் அது சில நாட்கள் வருகிறது.

ஐரோப்பிய வண்டிகளில் ஜெர்மனியின் ட்ரூமா நிறுவனத்தின் காம்பி ஹீட்டர்கள் அதிகம். அறையையும் குளிக்கும் தண்ணீரையும் ஒரே கருவி சூடாக்கும். ஸ்வீடனின் ஆல்டே முறை வேறு: சூடான திரவத்தைச் சுவரோரக் குழாய்களில் சுற்றவிட்டு, விசிறிச் சத்தம் இல்லாமல் சமமான கதகதப்பைத் தரும். இரண்டிலும் எரியறை மூடியது, காற்றும் புகையும் வெளியே.

வேன்களில் இப்போது பரவலாகிவிட்டது டீசல் ஹீட்டர். வெபாஸ்டோ, எபர்ஷ்பெச்சர் ஆகிய ஜெர்மன் நிறுவனங்கள் இதில் பழையவை. அதே வடிவில் விலை குறைந்த சீனத் தயாரிப்புகளும் ஏராளம். 2 கிலோவாட் ஹீட்டர் ஒன்று ஒரு சின்ன வேனுக்குப் போதும். மணிக்கு கால் லிட்டர் அளவே டீசல் குடிக்கும். பற்றவைக்கும்போது சில நிமிடம் 8 முதல் 10 ஆம்பியர் எடுத்தாலும், பிறகு ஒன்றிரண்டு ஆம்பியரில் ஓடும். எரிபொருள் வண்டியின் டேங்கிலேயே இருப்பதால் சிலிண்டர் தூக்கும் வேலையும் இல்லை.

டீசல் ஹீட்டரில் ஆபத்து பெரும்பாலும் கருவியில் இல்லை, பொருத்தும் விதத்தில் இருக்கிறது. புகைக்குழாயும் அதன் சைலன்சரும் முழுக்க வண்டியின் தரைக்குக் கீழே, வெளியேதான் இருக்க வேண்டும். சைலன்சரின் இணைப்புகள் காற்றுப் புகாதவை அல்ல. அதைக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டால் புகை நேராக உள்ளேதான் வரும். குழாயின் முனை வண்டியின் பக்கவாட்டைத் தாண்டி, ஜன்னலும் கதவும் இல்லாத பக்கம் நீண்டிருக்க வேண்டும். தரைக்கு நடுவிலேயே முனையை விட்டுவிட்டால் காற்றில்லாத இரவில் புகை அடியில் தேங்கி, தரைத் துளைகள் வழியாக மேலே ஏறும். நெருப்புக்கான காற்றை எடுக்கும் குழாயும் வெளியிலிருந்தே எடுக்க வேண்டும்.

இன்னும் இரண்டு விஷயம். அணைக்கும்போது சுவிட்சை மட்டும் அணையுங்கள். பேட்டரி இணைப்பை உருவாதீர்கள். உள்ளே இருக்கும் சூட்டை வெளியேற்ற விசிறி மேலும் சில நிமிடம் ஓடியாக வேண்டும். அப்புறம், எப்போதும் மிகக் குறைந்த வேகத்திலேயே ஓட்டினால் கரி படியும். அவ்வப்போது முழு வேகத்தில் சற்று நேரம் ஓடவிட்டால் அது எரிந்து சுத்தமாகும். உயரமான மலைப்பகுதியில் காற்றின் அடர்த்தி குறைவதால் கரி இன்னும் வேகமாகச் சேரும். அதற்கேற்ப டீசல் அளவைக் குறைக்கும் வசதி உள்ள மாடல்கள் இருக்கின்றன.

உள்ளேயே மூச்சு விடும் ஹீட்டர்கள்

சின்ன சிலிண்டரில் மாட்டி, தரையில் வைத்து, தணலாகச் சிவக்கும் தட்டின் முன்னால் கை காய்ச்சும் கேஸ் ஹீட்டரைப் பலர் பார்த்திருப்பீர்கள். சுடரே இல்லாமல் வேதிவினையால் சூடு தரும் கேட்டலிடிக் ஹீட்டரும் இந்த இனம்தான். மலிவு, மின்சாரம் வேண்டாம், சத்தம் இல்லை. எரியும் கேஸின் சூடு முழுவதும் உள்ளேயே தங்குவதால் திறன் அதிகம் என்று விளம்பரம் செய்வார்கள். அது பொய்யில்லை. ஆனால் சூடு தங்கும் அதே காரணத்தால் புகையும் ஈரமும் உள்ளேயே தங்குகின்றன.

இவற்றில் பலவற்றில் ஆக்சிஜன் குறைவை உணரும் பாதுகாப்பு இருக்கிறது. காற்றில் இயல்பாக 20.9 சதவீதம் இருக்கும் ஆக்சிஜன் ஏறத்தாழ 18 சதவீதத்துக்கு இறங்கினால் ஹீட்டர் தானாக அணைந்துவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது கார்பன் மோனாக்சைடை அளப்பதில்லை. பர்னர் அழுக்காக இருந்தால் ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதே விஷவாயு வரலாம். அந்த சென்சாருக்கு அது தெரியாது. "சென்சார் இருக்கிறதே, பயமில்லை" என்று இரவு முழுக்க ஓடவிடுபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன். படுக்கும் முன் அரை மணி நேரம், ஜன்னலைச் சற்றுத் திறந்து வைத்து, விழித்திருந்து பயன்படுத்துவதோடு இவற்றை நிறுத்திக்கொள்ளுங்கள். எவ்வளவு திறப்பு வேண்டும் என்பது ஒவ்வொரு ஹீட்டரின் கையேட்டிலும் எழுதியிருக்கும். அதற்குக் குறையாமல் திறந்திருக்க வேண்டும்.

கேஸ் அடுப்பை அறை சூடாக்கப் பயன்படுத்துவது இதைவிட மோசம். அடுப்பு பத்து நிமிடம் பாத்திரம் ஏற்றிச் சமைக்கச் செய்யப்பட்டது. ஹீட்டருக்கு இருக்கும் பாதுகாப்புகள் அதற்குக் கிடையாது.

கரி அடுப்பைப் பற்றி ஒரே வரி: அணைந்துவிட்டதுபோல் தெரியும் தணல்கூட கார்பன் மோனாக்சைடை மணிக்கணக்காகக் கக்கும், அதனால் அது கூடாரத்துக்குள்ளும் வண்டிக்குள்ளும் எந்த நிலையிலும் வரக் கூடாது.

விறகு அடுப்பு வைத்த வேன்களின் படங்கள் அழகாக இருக்கும். புகைபோக்கி சரியாக இருந்தால் புகை வெளியே போகும் என்பது உண்மை. எரிவதற்கான காற்றைப் பெரும்பாலும் உள்ளிருந்துதான் எடுக்கும், அதனால் தனியாக ஒரு காற்றுத் துளை அவசியம். நள்ளிரவில் தணல் தாழ்ந்து புகைபோக்கி குளிர்ந்தால் புகை மேலே ஏறும் வேகமும் குறையும். ஆரம்பக்காரருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மின்சாரம்

மின்சார ஹீட்டரில் வண்டிக்குள் எதுவும் எரிவதில்லை. ஈரமும் இல்லை, விஷவாயுவும் இல்லை. முகாமில் மின் இணைப்பு கிடைத்தால் இதுவே நல்ல வழி. கவனிக்க வேண்டியது வயரை. 1500 வாட் ஹீட்டர் இரவு முழுக்க ஓடும்போது பிளக்கும் எக்ஸ்டென்ஷன் வயரும் அந்தச் சுமையை இடைவிடாமல் தாங்க வேண்டும். அரை மணி நேரம் ஓடியபின் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் உடனே அணைத்து, அந்த இணைப்பை மாற்றுங்கள். சுருட்டி வைத்த வயரில் சூடு தேங்கும், முழுவதும் விரித்துப் போடுங்கள். சாய்ந்தால் அணையும் சுவிட்ச் உள்ள ஹீட்டராக இருக்கட்டும். படுக்கை விரிப்பிலிருந்தும் திரைச்சீலையிலிருந்தும் தள்ளி வையுங்கள்.

பேட்டரியில் இதை ஓட்ட நினைப்பவர்களுக்குக் கணக்கு கை கொடுக்காது. 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரியில் இருப்பது சுமார் 1,280 வாட் மணி. 1500 வாட் ஹீட்டர் அதை ஒரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடும். அதே பேட்டரியில் 50 வாட் மின் போர்வை இரவு முழுக்கத் தாராளமாக ஓடும். அறையைச் சூடாக்காமல் ஆளைச் சூடாக்குவது எவ்வளவு சிக்கனம் என்று இதிலிருந்தே தெரியும். நல்ல தூக்கப் பை, ஜன்னல் கண்ணாடிகளுக்கு வெப்பத் தடுப்புத் திரை, தலைக்கு ஒரு தொப்பி: இவற்றை வாங்கிய பிறகு ஹீட்டர் தேவை பாதியாகக் குறைந்ததாகப் பலர் உணர்வார்கள்.

கூரை ஏசியிலேயே, வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே இழுத்துத் தரும் ஹீட் பம்ப் வசதி உள்ள வண்டிகள் உண்டு. மிதமான குளிருக்கு அது நல்லது. வெளியே 5 டிகிரிக்குக் கீழே போனால் பெரும்பாலானவை திணறும்.

காற்றோட்டம் ஏன் நஷ்டமல்ல

கேரவன்காரர்கள் செய்யும் தவறுகளில் மிக ஆபத்தானது நல்லெண்ணத்தில் செய்வது: சூடு வீணாகக் கூடாது என்று எல்லாத் துளைகளையும் அடைத்துவிடுவது. தரையில் இருக்கும் துளைகளில் துணியைத் திணிப்பார்கள், கூரைத் துவாரத்துக்குத் தலையணை வைப்பார்கள். குளிர் வரும் வழி என்று அவர்களுக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்தத் துளைகள் வண்டியை வடிவமைத்தவர்கள் கணக்குப் போட்டு வைத்தவை. புரோபேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். கசிந்தால் தரையோடு பரவும். அது வெளியேற வேண்டிய வழி தரைத் துளைதான். அதை அடைத்தால் கசிந்த கேஸ் கணுக்கால் உயரத்தில் தேங்கி நிற்கும். காற்றில் சுமார் 2 சதவீதம் சேர்ந்தாலே தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும்.

சரி, காற்றோட்டத்தால் எவ்வளவு சூடு போகிறது? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கன மீட்டர் காற்றின் வெப்பத்தை 20 டிகிரி உயர்த்த சுமார் 7 வாட் மணி போதும். மணிக்கு 30 கன மீட்டர், அதாவது நம் வேனின் முழுக்காற்றையும் மூன்று முறை மாற்றினால், தொடர்ந்து 200 வாட் செலவு. 2 கிலோவாட் ஹீட்டரில் அது பத்தில் ஒரு பங்கு. ஒற்றைக் கண்ணாடி ஜன்னல்களும் மெல்லிய உலோகச் சுவரும் வெளியே விடும் சூடு பொதுவாக அதைவிடப் பல மடங்கு அதிகம். துளையை அடைத்து மிச்சம் பிடிக்கப் பார்ப்பது தவறான இடம். அடைக்க வேண்டியது ஜன்னல் கண்ணாடியை, திரை போட்டு.

நெருப்பே இல்லாவிட்டாலும் காற்றோட்டம் வேண்டும். தூங்கும் ஒருவர் மணிக்கு 12 லிட்டருக்குக் குறையாமல் கார்பன் டை ஆக்சைடு விடுகிறார். முழுக்க மூடிய 10 கன மீட்டர் வேனில் இரண்டு பேர் தூங்கினால் ஒவ்வொரு மணி நேரமும் அதன் அளவு 2,400 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 2,400 பங்கு) கூடும். வெளிக்காற்றில் இருப்பது 420 பிபிஎம் அளவுதான். காலையில் கனத்த தலையோடு எழுந்திருப்பதற்கு இது போதும்.

அடுத்தது ஈரம். இரண்டு பேரின் மூச்சும் வியர்வையும் ஒரு இரவில் அரை லிட்டருக்கு மேல் நீரைக் காற்றில் சேர்க்கும். மணிக்கு 200 கிராம் கேஸ் எரிக்கும் புகைக்குழாய் இல்லாத ஹீட்டரை எட்டு மணி நேரம் ஓட்டினால் அதோடு இரண்டரை லிட்டர் கூடுதல். ஐஸ் தண்ணீர் வைத்த செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல ஜன்னல் கண்ணாடி வியர்த்து, நீர் ஓட்டமாக வழிந்து சட்டத்துக்குள் இறங்கும். மெத்தைக்கு அடியில் கை வைத்துப் பாருங்கள், சில்லென்று நனைந்திருக்கும். பூஞ்சை தொடங்கும் இடம் அதுதான்.

"வெளியே மழை பெய்கிறது, ஜன்னலைத் திறந்தால் இன்னும் ஈரம் சேருமே" என்பது நியாயமாகத் தோன்றும் சந்தேகம். உண்மை அதற்கு நேர்மாறானது. 0 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று தாங்கக்கூடிய அதிகபட்ச நீராவி 5 கிராமுக்கும் குறைவு. அதே காற்று உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடானால் 17 கிராம் வரை தாங்கும். அதாவது வெளியே முழு ஈரமாக இருந்த காற்று உள்ளே வந்ததும் 30 சதவீதத்துக்கும் குறைவான ஈரப்பதம் கொண்ட வறண்ட காற்றாகிவிடுகிறது. சூடாக்குவதும் காற்றை மாற்றுவதும் சேர்ந்து நடந்தால்தான் வண்டி காயும். ஒன்றை மட்டும் செய்தால் காயாது.

செய்முறை எளிது. கீழே ஒரு திறப்பு, மேலே ஒரு திறப்பு. சூடான காற்று கூரைத் துவாரம் வழியாகத் தானே ஏறிப் போகும். அதன் இடத்தைக் கீழ்த் திறப்பு வழியாக வரும் காற்று நிரப்பும். இரண்டு விரல் அகலம் திறந்தாலே ஓட்டம் தெரியும். கூரையில் விசிறி இருந்தால் ஒரு எச்சரிக்கை: ஜன்னல் எல்லாம் மூடியிருக்கும்போது அதை வேகமாக ஓட்டாதீர்கள். வெளியே தள்ளிய காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வந்தே ஆக வேண்டும். வழி விடாவிட்டால் அது விறகு அடுப்பின் புகைபோக்கி வழியாகவோ, தரைக்கு அடியில் தேங்கிய புகையை இழுத்துக்கொண்டோ வரும். முதலில் புகைக்குழாய் இல்லாத பக்கத்து ஜன்னலைத் திறந்துவிட்டு, அப்புறம் விசிறியைப் போடுங்கள்.

வெளியிலிருந்து வரும் விஷம்

உங்கள் ஹீட்டர் குறையில்லாமல் இருந்தாலும் பக்கத்து வண்டியின் ஜெனரேட்டர் உங்கள் ஜன்னலைப் பார்த்துப் புகை விடலாம். இடம் பிடிக்கும்போதே அதைக் கவனியுங்கள். தேவைப்பட்டால் போய்ச் சொல்லித் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். இதில் கூச்சப்பட வேண்டியதில்லை. சூட்டுக்காக எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குவது எப்போதும் தவறு. பனி பெய்யும் இடத்தில் அது இரட்டை ஆபத்து: பனி குவிந்து புகைக்குழாயை மூடினால் புகை வண்டிக்கடியில் பரவும். ஃபர்னஸின் வெளித்துளைகளுக்கும் டீசல் ஹீட்டரின் குழாய்க்கும் அதேதான். பனி இரவில் படுக்கும் முன் ஒருமுறை வெளியே போய் டார்ச் அடித்துச் சுற்றிப் பாருங்கள்.

நீண்ட நாள் நிறுத்தி வைத்த வண்டியில் குளவி ஃபர்னஸ் துளைக்குள் கூடு கட்டும். மண் கூடு ஒன்று புகை வழியை அடைக்கப் போதும். துளையைச் சுற்றிச் சுவரில் கரி படிந்திருந்தால் உள்ளே சரியாக எரியவில்லை என்று பொருள். கேஸ் அடுப்பின் சுடர் நீலத்திலிருந்து மஞ்சளாக மாறினாலும் அதே செய்திதான்.

குளிர்காலத்தில் சிலிண்டரில் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். பியூட்டேன் 0 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே ஆவியாவதை நிறுத்திவிடும். புரோபேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். கடுங்குளிரில் பாதி நிறைந்த சிலிண்டர் இருந்தும் ஹீட்டர் அணைந்துபோவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

அலாரங்கள்

மூன்று வேண்டும்: கார்பன் மோனாக்சைடு, கேஸ் கசிவு, புகை. கேஸ் அலாரம் தரையோரம் இருக்க வேண்டும், ஏனென்றால் கேஸ் அங்கேதான் சேரும். கார்பன் மோனாக்சைடு ஏறத்தாழ காற்றின் எடையே கொண்டது, எங்கும் கலந்துவிடும். அதற்கான அலாரம் படுப்பவர் மூச்சு விடும் உயரத்துக்கு அருகில், திரைக்குப் பின்னாலோ அலமாரிக்குள்ளோ மறையாமல் இருக்கட்டும். அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம்.

வீட்டு அலாரத்தை மாட்டினால் போதாதா என்று கேட்பார்கள். வண்டியின் அதிர்வையும் வெயிலிலும் பனியிலும் மாறும் வெப்பத்தையும் தாங்கும் வகைக்குத் தனித் தரநிலை இருக்கிறது. ஐரோப்பாவில் ஈஎன் 50291-2. அமெரிக்காவில் யூஎல் 2034 தரத்தில் கேரவனுக்கு ஏற்றது என்று குறித்திருக்க வேண்டும். இவை எடுத்த எடுப்பில் கத்தாது. யூஎல் தரப்படி 70 பிபிஎம் அளவில் ஒன்று முதல் நான்கு மணி நேரத்துக்குள், 400 பிபிஎம் அளவில் 4 முதல் 15 நிமிடத்துக்குள் ஒலிக்க வேண்டும். அதனால் அலாரம் மௌனமாக இருப்பது காற்று சுத்தம் என்பதற்கான சான்றிதழ் அல்ல. எண்களைத் திரையில் காட்டும் மாடல் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

பின்பக்கம் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும். பழைய வண்டி வாங்கினால் முதல் வேலையாகக் கழற்றி அதைப் பாருங்கள். சோதனைப் பொத்தானை அழுத்தினால் கேட்கும் ஒலி ஒலிப்பானும் மின்சுற்றும் வேலை செய்வதை மட்டுமே காட்டும். உள்ளே இருக்கும் சென்சார் உயிரோடு இருக்கிறதா என்று பொதுவாக அது சொல்லாது.

கேஸ் அலாரம் ஒலித்தால் எந்த சுவிட்சையும் போடவோ அணைக்கவோ கூடாது. சுவிட்சின் சிறு பொறியே போதும். எல்லோரும் வெளியேறி, வெளியில் இருக்கும் சிலிண்டர் வால்வை மூடுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒலித்தால் காரணம் தேடி நிற்காதீர்கள். எல்லோரையும் எழுப்பி, வளர்ப்புப் பிராணிகளையும் தூக்கிக்கொண்டு வெளியே வாருங்கள், தலை எண்ணிப் பாருங்கள், அவசர உதவியை அழையுங்கள். உள்ளே விட்டுவந்த செல்போனுக்காகக்கூடத் திரும்பப் போகக் கூடாது.

வெளிக்காற்றில் நின்று தலை தெளிந்துவிட்டாலும் மருத்துவரைப் பாருங்கள். சாதாரணக் காற்றை மூச்சாக வாங்கினால் ரத்தத்தில் ஏறிய கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரம் ஆகும். மருத்துவமனையில் முகமூடி வழியாகச் சுத்த ஆக்சிஜன் கொடுத்தால் அது ஒன்று, ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கும். விரலில் மாட்டும் சாதாரண ஆக்சிமீட்டர் 98, 99 என்று காட்டினாலும் நம்பாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் ஏறியது என்றே அது எண்ணிக்கொள்ளும். தனி ரத்தப் பரிசோதனை செய்தால்தான் உண்மை தெரியும். அதனால் மருத்துவமனைக்குப் போனதும், "வண்டிக்குள் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது, அலாரம் ஒலித்தது" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். தலைவலி, வாந்தி என்பதெல்லாம் அதற்கு அடுத்துச் சொல்லலாம்.